கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று: ஐ.சி.யூ. குழாய்களில் ஆபத்து எங்கே இருக்கிறது?

மார்ச் 3 – வாசகர் கேள்வி

அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கிறார். மணிக்கட்டில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு குழாய். இப்போது கழுத்து வழியாக இதயத்துக்குள்ளேயே இன்னொன்று விட வேண்டும் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். படிவத்தைப் படித்தால் ரத்தப்போக்கு, நுரையீரல் சுருங்குதல், தொற்று, மரணம் என்று நீளமாகப் போகிறது. வெறும் அளவு பார்க்கவா இத்தனை ஆபத்து? கையில் பட்டை கட்டி பி.பி. பார்த்தால் போதாதா?

மார்ச் 3, இரவு 10.20

தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். உங்கள் அப்பாவின் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் அவருக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன்.

பட்டை பலருக்குப் போதும். ஷாக்கில் இருப்பவருக்கு, அதாவது விழுந்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருப்பவருக்கு, போதாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பட்டை சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசும். தமனிக்குள் இருக்கும் குழாய் ஒவ்வொரு துடிப்பையும் காட்டும். ரத்தப் பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் குத்தவும் வேண்டாம்.

"வெறும் அளவு பார்க்கவா" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் சரியான கேள்வி. அளவு பார்க்கும் கருவி யாரையும் குணப்படுத்துவதில்லை. வந்த எண்ணை வைத்து யாராவது ஏதாவது செய்தால்தான் பலன். எண் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே சிகிச்சைதான் என்றால், மிஞ்சுவது ஆபத்து மட்டும்.

மார்ச் 3, இரவு 11.05

மூன்றையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். மணிக்கட்டில் இருப்பது ஆர்ட்டீரியல் லைன், தமனிக்குள். கழுத்தில் இருப்பது சென்ட்ரல் லைன், பெரிய சிரைக்குள். அதன் நுனி இதயத்தின் வாசலில் நிற்கும். அளவும் பார்க்கலாம், வலுவான மருந்தும் ஏற்றலாம். புதிதாகக் கேட்பது அநேகமாக ஸ்வான்-கான்ஸ். அது வலது மேலறை, வலது கீழறை எல்லாம் கடந்து நுரையீரல் தமனிவரை போகும். ஆபத்தும் அதே வரிசையில் ஏறும்.

மார்ச் 4, மதியம் 2.30

மணிக்கட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2002இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஏறத்தாழ 20,000 மணிக்கட்டுக் குழாய்களைப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தில் ஒன்றில் தமனி தற்காலிகமாக அடைபட்டது. கேட்க பயமாக இருக்கும். ஆனால் கைக்கு நிரந்தரச் சேதம் வந்தது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. உள்ளங்கைக்கு இரண்டு தமனிகள் ரத்தம் தருகின்றன, உள்ளே வளைவாக இணைந்தும் இருக்கின்றன. ஒன்று அடைபட்டால் மற்றது பார்த்துக்கொள்ளும்.

குழாய் போடுவதற்கு முன் இரண்டு தமனிகளையும் அழுத்தி, ஒன்றை மட்டும் விட்டு, உள்ளங்கை சிவக்கிறதா என்று பார்ப்போம். ஆலன் சோதனை. எட்கர் ஆலன் 1929இல் விவரித்தது. நானும் பழக்கத்தால் செய்கிறேன். ஆனால் யாருக்குச் சிக்கல் வரும் என்பதை அது நம்பும்படி முன்கூட்டிச் சொல்வதில்லை. ஷாக்கில் கை ஏற்கெனவே வெளுத்துக் குளிர்ந்து கிடக்கும்போது அது சிவக்கும் வேகத்தை வைத்து என்ன முடிவெடுப்பது?

எனக்கு இதைவிடப் பயம் தருபவை வேறு.

இணைப்பு கழன்றுபோவது முதலில். தமனி அழுத்தத்தில் ரத்தம் வெளியேறும். கை போர்வைக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் குழாய் இருக்கும் கையைப் போர்வைக்கு வெளியே வைக்கச் சொல்லிச் செவிலியர்கள் கறாராக இருப்பார்கள். குளிருமே என்று நீங்கள் பாசத்தோடு மூடிவிட்டுப் போகாதீர்கள். அலாரத்தை அணைத்து வைப்பதும் இதே ஆபத்துதான்.

அடுத்தது, சிரையில் போட வேண்டிய மருந்தைத் தவறுதலாகத் தமனிக் குழாயில் செலுத்துவது. விரல்கள் கருகும் அளவுக்குப் போகலாம். சிவப்பு லேபிள் ஒட்டுவது அழகுக்காக இல்லை.

இன்னொன்று இருக்கிறது. அதற்குத் தனியாக எழுத வேண்டும், இப்போது ரவுண்ட்ஸ்.

மார்ச் 4, இரவு 9.50

விட்ட இடம். குழாய் அடைக்காமல் இருக்க ஒரு திரவப் பையை 300 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கட்டித் தொங்கவிடுவோம். மணிக்கு 3 மி.லி. அளவில் கசிந்துகொண்டே இருக்கும். அந்தப் பையில் சலைன் இருக்க வேண்டும். யாரோ கைமாறி குளுக்கோஸ் பையை மாட்டிவிட்டால்? அந்தக் குழாயிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை எகிறும். இன்சுலின் கூட்டுவார்கள். மறுபடி எடுத்தால் மறுபடி எகிறும். இன்னும் கூட்டுவார்கள். உண்மையில் மூளைக்குப் போகும் சர்க்கரை தரைமட்டத்தில் இருக்கும். இது கற்பனை இல்லை. இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2008இல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது.

இங்கே ஊசி தப்பான இடத்தில் குத்தவில்லை, தமனி அடைக்கவில்லை, தொற்று இல்லை. ஒரு தப்பான எண், அதை நம்பிய ஒரு நல்ல மனிதர். அவ்வளவுதான். படிவத்தில் இந்த வரி இருக்காது.

மார்ச் 5, காலை 7.10

ஒருவர் தனிச்செய்தியில் "வலிக்குமா" என்று கேட்டிருக்கிறார். போடும்போது மரத்துப்போக ஊசி போடுவார்கள். அப்புறம் பெரும்பாலும் உறுத்தல்தான். மணிக்கட்டை மடக்க விடாமல் கட்டி வைப்பது சிலருக்கு வலியைவிட எரிச்சல்.

மார்ச் 5, இரவு 10.30

சென்ட்ரல் லைன். இதில் இரண்டு தனித்தனி ஆபத்துகள் இருக்கின்றன. போடும் அரைமணி நேரத்தில் வருவது ஒன்று, கிடக்கும் நாட்களில் வருவது ஒன்று.

போடும்போது: சிரைக்குப் பக்கத்திலேயே கழுத்துத் தமனி ஓடுகிறது, கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி தமனியில் பட்டால் எடுத்துவிட்டு அழுத்திப் பிடிக்கலாம். ஆனால் தெரியாமல் துளையை அகலமாக்கிப் பெரிய குழாயையே தமனிக்குள் விட்டுவிட்டால், பதறி உருவக் கூடாது. அப்படியே விட்டுவிட்டு ரத்தநாள அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். உருவினால் கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கும், பக்கவாதமும் வரலாம். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே குத்துவது வந்தபின் கழுத்தில் இந்தத் தொல்லை நன்றாகக் குறைந்தது. 2002லேயே, சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு அதைப் பரிந்துரைத்தது. "கை அனுபவமே போதும்" என்று முறைத்த மூத்தவர்கள்கூட இப்போது திரையைப் பார்த்துத்தான் குத்துகிறார்கள்.

எந்த இடத்தில் போடுவது? 2015இல் வந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று காறையெலும்புக்குக் கீழ், கழுத்து, தொடை மூன்றையும் ஒப்பிட்டது. காறையெலும்புக்குக் கீழே போட்டதில் தொற்றும் ரத்த உறைவும் குறைவு. ஆனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது அங்கே 1.5 சதவீதம், கழுத்தில் 0.5. எதைக் கொடுத்து எதை வாங்குவது என்ற பேரம்தான். ஏற்கெனவே ஒரு நுரையீரலில் தொங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒன்றரை சதவீதத்தை நான் எடுக்க மாட்டேன். பல வாரம் கிடக்கப்போகிறவருக்கு யோசிப்பேன்.

குழாய் போக வழிகாட்டும் கம்பியை உள்ளேயே விட்டுவிடுவதும் நடந்திருக்கிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சின் குறுக்கே மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று தெரிந்தது. மூன்று பேர் பார்த்த பிறகே அது கம்பி என்று ஒப்புக்கொண்டார்கள். கம்பியின் வால் எப்போதும் கையில் இருக்க வேண்டும், முடிந்ததும் "கம்பி வெளியே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். பரவாயில்லை.

மார்ச் 5, இரவு 11.40

மேலே இரண்டு ஆபத்து என்றேன். மூன்று என்று திருத்திக்கொள்ளுங்கள். எடுக்கும்போதும் ஒன்று உண்டு. நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கழுத்துக் குழாயை உருவினால், மூச்சை இழுக்கும் நொடியில் அந்தத் துளை வழியாகக் காற்று சிரைக்குள் உறிஞ்சப்பட்டு இதயத்துக்குப் போகலாம். அதனால்தான் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லி எடுத்து, அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத கட்டுப் போடுகிறோம். வார்டுக்கு மாற்றும் அவசரத்தில் நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கப் போனவர்களை நான் தடுத்திருக்கிறேன்.

மார்ச் 7, மாலை 6.00

சரி, நீங்கள் கேட்ட மூன்றாவது குழாய்.

கொஞ்சம் கதை சொல்கிறேன், ஞாயிறுக்கு முந்தைய மாலை. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி வேண்டாமென்று சொன்ன பிறகும், தன் கைச் சிரை வழியாகவே 65 செ.மீ. குழாயை விட்டுக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய் அது இதயத்தில் இருப்பதைப் படம் எடுத்தார். ஆலன் சோதனையும் அதே வருடம். ஃபோர்ஸ்மானுக்குத் திட்டுத்தான் கிடைத்தது. 1956இல், அந்த வேலையை வளர்த்தெடுத்த கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரோடும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள்.

ஸ்வானும் கான்ஸும் 1970இல் கொண்டுவந்த மாற்றம், நுனியில் ஒரு பலூன். கடலில் பாய்மரப் படகு காற்றில் போவதைப் பார்த்தபோது தோன்றியது என்று ஸ்வான் சொல்லியிருக்கிறார். ரத்த ஓட்டமே பலூனைத் தள்ளிக்கொண்டு போகும். எக்ஸ்ரே இல்லாமல், படுக்கையருகிலேயே, திரையில் அலை மாறுவதைப் பார்த்தே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். வலது கழுத்திலிருந்து சுமார் 20 செ.மீ.யில் மேலறை, 30இல் கீழறை, 40இல் நுரையீரல் தமனி, 50 வாக்கில் பலூன் போய்ச் செருகிக்கொள்ளும். அந்த இடத்தில் கிடைப்பது வெட்ஜ் அழுத்தம். இடது பக்க இதயத்தின் நிலையை மறைமுகமாகக் காட்டும்.

இப்போது ஆபத்து. கீழறையைக் கடக்கும்போது நுனி சுவரை உரசும், தாளம் தப்பும். பெரும்பாலும் சில துடிப்புகளோடு சரியாகும். ஆனால் இதயத்துக்குள் மின்சைகை போகும் பாதையின் இடது கிளை ஏற்கெனவே தடைபட்டிருப்பதாக ஈ.சி.ஜி. காட்டுகிறவருக்கு, குழாய் உரசி வலது கிளையும் தடைபட்டால், கீழறைகளுக்குச் சைகையே போகாத முழு இதய அடைப்பு. அப்படிப்பட்டவர் என்றால் பேஸ்மேக்கரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்போம்.

கீழறைக்குள் சுருண்டு முடிச்சு விழுவதும் உண்டு. நுழைத்த நீளம் அதிகமாகியும் அலை மாறவில்லை என்றால் மேலும் தள்ளுவது முடிச்சுப் போட உதவுவதுதான்.

எல்லாவற்றையும்விடக் கொடியது நுரையீரல் தமனி கிழிவது. மிக அரிது, ஆயிரத்தில் ஒன்றிரண்டு அல்லது அதற்கும் குறைவு. ஆனால் நடந்துவிட்டால் பாதிப்பேர் பிழைப்பதில்லை. நுரையீரல் அழுத்தம் அதிகமாக இருப்பவர்கள், வயதானவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், இவர்களுக்கு அபாயம் கூடுதல். பலூனில் 1.5 மி.லி. காற்றுதான் போகும். மெதுவாக, அலையைப் பார்த்துக்கொண்டே ஊத வேண்டும். வெட்ஜ் வந்த கணமே நிறுத்த வேண்டும். பாதிக் காற்றிலேயே வெட்ஜ் வந்தால் குழாய் ஆழமாகப் போய்விட்டது, பின்னுக்கு இழுக்க வேண்டும். பார்த்ததும் பலூனைச் சுருக்கிவிட வேண்டும். ஊதியே விட்டால் அந்தப் பகுதி நுரையீரலுக்கு ரத்தம் போகாமல் கருகும். இந்தக் குழாய் இருப்பவர் திடீரென்று இருமி வாயில் ரத்தம் வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை தமனி கிழிசல் என்றே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

மார்ச் 7, இரவு 8.15

"இவ்வளவு இருந்தும் ஏன் போடுகிறீர்கள்?" – அடுத்த கேள்வி. நியாயம்தான்.

1996இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, 5,735 நோயாளிகள். குழாய் போட்டவர்கள் அதிகம் இறந்ததாகக் காட்டியது. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை அது. மோசமானவர்களுக்குத்தானே போடுவார்கள் என்று ஒரு பக்கம் சண்டை. கூடவே வந்த தலையங்கம், முறையான சோதனை நடத்துங்கள், இல்லையேல் நிறுத்துங்கள் என்றது. அப்புறம் வரிசையாகச் சோதனைகள். 2003இல் கனடா, கடும் அறுவைக்குப் போன 1,994 பேர். இறப்பில் வித்தியாசம் இல்லை, ஆனால் நுரையீரலில் ரத்தக்கட்டி குழாய் போட்டவர்களில் 8 பேருக்கு, போடாதவர்களில் யாருக்கும் இல்லை. 2005இல் பிரிட்டன், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல், அதனால் யாரும் இறக்கவில்லை. 2006இல் நுரையீரல் செயலிழந்த ஆயிரம் பேரில் சென்ட்ரல் லைனோடு ஒப்பிட்டார்கள். பலன் அதேதான், சிக்கல் மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு, பெரும்பாலும் தாளக் கோளாறு.

அமெரிக்காவில் 1993க்கும் 2004க்கும் இடையில் இதன் பயன்பாடு 65 சதவீதம் விழுந்தது.

மார்ச் 8, காலை 11.20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் அது ஆளைக் கொல்லும் குழாய் என்று சொல்லுங்களேன்" என்று எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சோதனைகள் சொல்வது: எல்லோருக்கும் போட்டால் யாருக்கும் பயனில்லை. இதயமே பம்ப் செய்யாமல் நிற்கும் ஷாக், கடுமையான நுரையீரல் உயர் அழுத்தம், இதய மாற்று, சிக்கலான இதய அறுவைக்குப் பின், இங்கெல்லாம் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதே அந்த எண்களைப் பொறுத்துத்தான். அப்படி ஒருவருக்கு இந்தக் குழாயின் எண்ணைப் பார்த்து ஒரு மருந்தை நிறுத்தி, மறுநாள் சிறுநீர் இறங்கிய சந்தோஷம் எனக்கு உண்டு. அந்த ஒருவரை வைத்து ஆயிரம் பேருக்குப் போடக் கூடாது என்பதும் தெரியும்.

எக்கோ செய்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலும் போதும், நான் முதலில் எடுப்பதும் அதைத்தான். ஆனால் எக்கோ அந்த நேரத்துப் படம். விடிகாலை மூன்று மணிக்கு நெஞ்சில் கட்டோடு கிடப்பவரிடம் தெளிவான படம் எடுக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மார்ச் 8, இரவு 10.00

எண்ணைப் பற்றி இன்னும் சொல்லி முடிக்கவில்லை. இந்த இழையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

குழாயின் மறுமுனையில் அழுத்தத்தை மின்சைகையாக மாற்றும் டிரான்ஸ்டியூசர் இருக்கும். அது இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும்: நான்காவது விலா இடைவெளி, நெஞ்சின் பக்கவாட்டு நடுக்கோடு. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் மாதிரிதான், உயரம் மாறினால் கணக்கு மாறும். இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் ஏறத்தாழ 7.5 மி.மீ. கூடுதலாகக் காட்டும்.

டிரான்ஸ்டியூசர் தனி ஸ்டாண்டில். படுக்கையை யாரோ உயர்த்துகிறார்கள். நோயாளி மேலே போய்விட்டார், டிரான்ஸ்டியூசர் அங்கேயே நிற்கிறது. சராசரி அழுத்தம் உண்மையில் 58, திரையில் 65க்கு மேல். "நல்லா இருக்கே" என்று நார்அட்ரினலினைக் குறைக்கிறார்கள். சிரை அழுத்தம் உண்மையில் 4, திரையில் 11. "தண்ணீர் அதிகம்" என்று சிறுநீர் பிரிய மருந்து கொடுக்கிறார்கள். இரண்டும் தலைகீழ் சிகிச்சை. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை, எந்தப் பதிவேட்டிலும் சிக்கல் என்று எழுதப்படாது.

குழாயில் ஒரு காற்றுக்குமிழி, நுனியில் ஒரு சின்ன ரத்தக்கட்டி, அலை மழுங்கும், மேல் அளவு குறைவாகத் தெரியும். பைத் திரவத்தை ஒரு நொடி வேகமாகப் பாய்ச்சும் ஃப்ளஷ் வால்வை இழுத்து விட்டு, திரையில் வரும் சதுர அலைக்குப் பிறகு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்த்தால் சில நொடியில் தெரிந்துவிடும். செய்கிறவர்கள் குறைவு.

வெட்ஜ் இன்னும் மோசம். 1990இல் ஒரு ஆய்வு, 496 மருத்துவர்களுக்கு 31 கேள்வி கொடுத்துத் தேர்வு வைத்தது. சராசரி 67 சதவீதம். தெளிவான அலைப்படத்திலிருந்து வெட்ஜ் அளவைச் சரியாகச் சொல்ல முடியாதவர்கள் கிட்டத்தட்ட பாதிப்பேர். தமனி கிழிவது ஆயிரத்தில் ஒன்று. எண்ணைத் தப்பாகப் படிப்பது இரண்டில் ஒன்று. எது பெரிய சிக்கல்?

மார்ச் 9, மாலை 5.45

எண் சரியாகவே இருந்தாலும் அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தம் சரியா என்பது அடுத்த தலைவலி. சிரை அழுத்தத்தை 8 முதல் 12க்குள் கொண்டுவர வேண்டும் என்று 2001 முதல் செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலையின் சிகிச்சையில் ஒரு திட்டம் ஓடியது. நாங்களும் பக்தியோடு பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினோம். 2014, 2015இல் மூன்று பெரிய சோதனைகள் அந்தத் திட்டத்தால் உயிர் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்று காட்டின. அதற்கு முன்பே 2008இல், திரவம் கொடுத்தால் இதயம் கூடுதலாக இறைக்குமா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது என்று தொகுப்பாய்வு வந்துவிட்டது. ஆனாலும் இன்றும் ரவுண்ட்ஸில் முதல் கேள்வி "சி.வி.பி. (அந்தச் சிரை அழுத்தம்தான்) எவ்வளவு?" நானே கேட்கிறேன். பதிலை வைத்து எதுவும் செய்வதில்லை.

மார்ச் 10, இரவு 9.30

தொற்று பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் நானே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் சேர்ந்து செய்த வேலை 2006இல் வெளியானது. கை கழுவு, முழுமையாக மூடி உடுத்து, குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய், தொடையைத் தவிர், தேவையில்லாததை எடு. புது மருந்து ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் குறைந்தது பாதி ஐ.சி.யூ.க்களில் குழாய் வழி ரத்தத் தொற்று பூஜ்யத்துக்கு வந்தது. வழிமுறை தவறினால் செவிலியர் மருத்துவரை நிறுத்தலாம் என்ற அதிகாரமும் அதில் இருந்தது. என் பார்வையில் சோப்பைவிட அதுதான் வேலை செய்திருக்கும்.

ஐந்தாவது வரிதான் கஷ்டம். போடுவதற்கு நாலு பேர் கூடி யோசிப்போம். எடுப்பதற்கு யாருக்கும் அவசரமில்லை. "இருக்கட்டும், ரத்தம் எடுக்க வசதி" என்று கிடக்கும். வசதி என்பதால் அடிக்கடி எடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் முதல் சில மி.லி. வீணாகப் போகும், நோயாளிக்கு ரத்தசோகை ஏறும்.

மார்ச் 12, மதியம் 1.15

முதல் குறிப்பில் ஷாக்குக்குப் பட்டை போதாது என்று சொல்லித் தந்தார்கள் என்று எழுதியிருந்தேன். 2025இல் பிரான்சிலிருந்து ஆயிரம் பேர் அளவிலான சோதனை வந்திருக்கிறது. ஷாக்கில் வந்தவர்களில் பாதிப்பேருக்கு உடனே ஆர்ட்டீரியல் லைன், மீதிப்பேருக்குப் பட்டை, தேவைப்பட்டால் மட்டும் குழாய். 28 நாள் இறப்பில் பட்டைக் குழு பின்தங்கவில்லை. மிக அதிக மருந்து ஓடியவர்களைச் சேர்க்கவில்லை, பட்டைக் குழுவிலும் சிலருக்குப் பின்னால் குழாய் தேவைப்பட்டது. அதனால் நாளையே எல்லோருக்கும் பட்டை என்று நான் மாறப்போவதில்லை. ஆனால் குறைந்த அளவில் மருந்து ஓடி, நிலை தேறிக்கொண்டிருப்பவருக்கு, குழாயை எடுத்துவந்த ஜூனியரிடம் "இப்போதே எதற்கு?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.

மார்ச் 14, இரவு 8.40

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: ஸ்வான்-கான்ஸ் போடவில்லையாம். "இந்த எண்ணைப் பார்த்து எந்த மருந்தை மாற்றுவீர்கள்?" என்று கேட்டதும், எக்கோவை இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றார்களாம். கேட்டது தப்பே இல்லை. நல்ல மருத்துவருக்கு அந்தக் கேள்வியால் கோபம் வராது. ஒருவேளை பதில் தெளிவாக வந்து போட்டிருந்தாலும் அது சரியான முடிவாகவே இருந்திருக்கும்.

மணிக்கட்டுக் குழாயை எடுத்தபின் அந்த இடம் கொஞ்சம் வீங்கி நீலமாக இருக்கிறது என்கிறீர்கள். சில நாள் கன்றிப்போய் இருப்பது சகஜம். வீக்கத்தின்மேல் விரல் வைத்துப் பாருங்கள். துடிப்போடு சேர்ந்து அதுவும் அடித்தாலோ, நாளுக்கு நாள் பெரிதானாலோ தமனிச் சுவரில் கசிவு இருக்கலாம், டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். விரல்கள் குளிர்ந்து வெளுத்தால் ஸ்கேனுக்கு நாள் பார்க்காமல் அப்போதே செவிலியரைக் கூப்பிடுங்கள்.